வாயுவுக்காக நீரை இறைப்பது ஏன்?

கோலி சோடாவின் குண்டை அழுத்தியதும், அதுவரை அழுத்தத்தால் அடங்கிக் கிடந்த வாயு நுரைத்துப் பொங்குவதைப் பேராவூரணிக் கடைத்தெருவில் கண்டவர்களுக்கு, மன்னார்குடிப் பகுதியின் பூமிக்கடியிலுள்ள பழுப்பு நிலக்கரியிலிருந்து மீத்தேனைப் பிரிக்கும் தத்துவம் எளிதில் விளங்கும். கரியின் நுண்துவாரங்களில் ஒட்டியிருக்கும் அவ்வாயுவைச் சிறைப்படுத்தி வைப்பது, படிவத்தின் விரிசல்களில் நிரம்பிய நீரின் அழுத்தமே. ஆகையால் நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலன்றி வாயு விடுபட்டு மேலேறாது.

கல்லணைக் கால்வாயின் கடைமடையில், ஆற்றுநீர் பொய்க்கும் காலங்களில் ஆழ்துளைக் கிணற்றையே நம்பித் தென்னையும் நெல்லும் வளர்க்கும் இப்பிரதேசத்தாருக்கு அந்த இறைப்பே பேரச்சமாயிற்று. 2010-இல் ஒப்பந்தமான மன்னார்குடி மீத்தேன் திட்டம் விவசாயிகளின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2020-இல் தமிழகச் சட்டமன்றம் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியது.