போர்வைக்குள் ஒரு எம்.ஜி.

மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுப் பின்கட்டில் சிவப்பு எம்.ஜி. டி.டி. கார் ஒன்று நிற்கிறது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடித்து வைக்கும் ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1950-களின் தொடக்கத்தில் செய்தது. அவருடைய அப்பா வாங்கியது. "விலை ஏறிக்கிட்டே போகுது சார். ரோட்டுல எவனாவது உரசிட்டா என்ன பண்றது? அதான் போர்வை போட்டு மூடிட்டேன்" என்றார். மூடி எட்டு வருடம். போர்வையை விலக்கிப் பார்த்தோம். பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது. நான்கு பேர் சேர்ந்து தள்ளியும் கார் ஓர் அங்குலம் நகரவில்லை. பிரேக் ஷூக்கள் டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

2022 மே மாதம் 1955-ஆம் ஆண்டு மெர்சிடஸ் 300 எஸ்.எல்.ஆர். கூபே ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போன செய்தி வந்ததிலிருந்து, பழைய கார் வைத்திருக்கும் பலருக்கு இந்தப் போர்வை ஆசை வந்துவிட்டது. அந்த வகையில் இருப்பதே இரண்டு கார்கள்தான். விற்கும் வரை அதைப் பேணி வந்தது, அதைச் செய்த நிறுவனமே. நம் வீட்டுக் காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சென்னை உப்புக்காற்றும், கரையானும், எலியும், டிசம்பர் மழையும்தான் அதற்குத் துணை.

நிற்கும் கார் சும்மா நிற்பதில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருவாகி, பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்பது இதனால்தான். கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டும். ஒரே இடத்தில் எடையைத் தாங்கும் டயர் அந்த இடத்தில் தட்டையாகும். டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டை தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் பத்து வயது கடந்த ரப்பரை நம்பி வேகம் போகக் கூடாது. எம்.ஜி. டி.டி.யில் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கிறது. மேலே பெயின்ட் மின்னும்போதே உள்ளே கரையான் வேலையை முடித்திருக்கலாம்.

பெட்ரோல் இன்னொரு கதை. இன்று பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். மாதக்கணக்கில் டாங்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி டாங்கை அரிக்கும். பழைய ரப்பர் குழாய்களை மென்மையாக்கி வெடிக்க வைக்கும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய்களுக்கு ஆகும் செலவு, இந்தக் கார்களுக்கு நீங்கள் செய்யும் செலவுகளிலேயே மிகச் சிறியது. முதலில் அதைச் செய்யுங்கள்.

"வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுறேன்" என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். அது நன்மையைவிடத் தீமை. எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் நீராவி, சூடாகாத எஞ்சினிலும் சைலன்சரிலும் தண்ணீராகப் படிந்து ஆயிலைக் கெடுக்கும். எஞ்சின் ஆயில் நன்றாகச் சூடேறும்படி மாதம் இருமுறை இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். முடியாதென்றால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். டாங்கை வடித்து, பேட்டரியைக் கழற்றி, காரை ஸ்டாண்டில் தூக்கி வைத்து முறையாக நிறுத்துங்கள். பேட்டரியைத் திரும்ப மாட்டும்போது ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். தெரியாத மெக்கானிக் வழக்கம்போல மாட்டினால் மின்சாதனங்கள் போச்சு.

இதெல்லாம் பட்டறையில் தெரிந்துகொள்ளும் சங்கதி. 2025-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்றை எத்தனை கார் உரிமையாளர்கள் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. ஒருவர் 1931-ஆம் வருடத்து ஃபோர்டு டூரர் காரை 1983-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கி, பின்னர் 21 லட்சத்துக்கு விற்றார். வருமான வரிச் சட்டப்படி, தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் அசையும் பொருளை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. கார் சொந்த உபயோகப் பொருள்தானே என்பது அவர் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. சொந்தமாகப் பயன்படுத்தத்தக்க பொருள் என்பது மட்டும் போதாது, உண்மையிலேயே பயன்படுத்தியிருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும் என்றது. அவரிடம் ஆதாரம் இல்லை.

விலை ஏறட்டும் என்று போர்வை போட்டு மூடியவர், விற்கும் நாளில் அந்தப் போர்வைக்கே வரி கட்ட வேண்டி வரலாம் என்பதுதான் இதன் பொருள். ஓட்டியவரிடம் பெட்ரோல் ரசீது இருக்கும், சர்வீஸ் பில் இருக்கும், இன்ஷூரன்ஸ் இருக்கும், மீட்டரில் கிலோமீட்டர் ஏறியிருக்கும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, போன இடம், மீட்டர் எண், செலவு. வாங்கும் ஆளுக்கும் அந்த நோட்டு பெரிய நம்பிக்கை கொடுக்கும். கார்களை வாங்கி விற்பதையே வழக்கமாகச் செய்கிறவருக்கு இந்த வரிவிலக்கு பொருந்தாது. அது வியாபார வருமானம். விற்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

ஓட்டுவது என்று முடிவு செய்தால் பதிவுச் சான்று உயிரோடு இருக்க வேண்டும். இங்கே உண்மையான ஒரு தேர்வு இருக்கிறது. மத்திய அரசு 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய, மூல வடிவம் மாறாத இரண்டு, நான்கு சக்கர வாகனங்களுக்கு அது பொருந்தும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் எண்ணுக்கே தனி மதிப்பு உண்டு. ஆனால் இந்தப் பதிவில் உள்ள காரை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம்.

இன்னொரு வழி, சாதாரணப் பதிவை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போவது. 2025 ஆகஸ்டில் அந்தக் கட்டணம் கடுமையாக ஏறியது. 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய். இறக்குமதிக் காராக இருந்தால் 80,000 ரூபாய். கேட்டதும் நெஞ்சு பகீரென்கிறது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உலா போக வேண்டும் என்று நினைக்கிறவருக்கு அதுதான் சரியான வழி என்பது என் கருத்து. வருடத்தில் இரண்டு பேரணிக்கு மட்டும் எடுக்கிறவர் விண்டேஜ் பதிவுக்குப் போகலாம். பதிவு காலாவதியான காரை "பக்கத்துத் தெரு வரைதானே" என்று எடுப்பது மட்டும் வேண்டாம். முதல் தடவை அபராதம் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. அதைவிட, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்தது போலாகும்.

எந்த விண்ணப்பத்துக்கும் முன்னால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின், சேசிஸ் எண்களைக் காரில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுபது, எண்பதுகளில் பார்ட்ஸ் கிடைக்காமல் அம்பாசடர் எஞ்சினை மாட்டிய கார்கள் நம் ஊரில் ஏராளம். மாற்றியதை ஆர்.சி.யில் பதியாமல் விட்டிருந்தால் விலையும் விழும், பதிவும் சிக்கும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் ஓட்டுவது குற்றம். முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, சொந்தச் சேதத்துக்கான பாலிசியில் ஐ.டி.வி. என்று போடும் தொகை, அதாவது காரின் காப்பீட்டு மதிப்பு. ஐந்து வயது தாண்டிய கார்களுக்கும் தயாரிப்பு நின்றுபோன மாடல்களுக்கும் அந்தத் தொகைக்குப் பட்டியல் கிடையாது. நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்வது. பேசாமல் விட்டால், கணினி காட்டும் ஏதோ ஒரு சிறு தொகை விழும். பிரீமியம் குறைகிறதே என்று நாமும் மகிழ்ந்துவிடுவோம்.

25 லட்சம் பெறும் காருக்கு ஐ.டி.வி. 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பு என்று கணக்கு. இந்த உதாரணத்தில் 2.25 லட்சம். இங்கிலாந்திலிருந்து ரேடியேட்டரும் முன்பக்க மட்கார்டும் வரவழைத்தாலே அந்தக் கோடு தாண்டிவிடும். உங்கள் கார் கண்ணெதிரே கம்பீரமாக நிற்கும்போதே காகிதத்தில் செத்துப்போகும். கைக்கு வருவது 3 லட்சத்துக்கு உள்ளே. முழு இழப்பு இல்லாத சிறு சேதத்திலும், பத்து வயது தாண்டிய காரின் உலோகப் பாகங்களுக்குப் பாதித் தொகை தேய்மானமாகப் போகும். இதற்குப் பரிகாரம் பாலிசி எடுக்கும் நாளில்தான் இருக்கிறது. உரிமம் பெற்ற சர்வேயரிடம் மதிப்பீட்டுச் சான்று வாங்குங்கள். எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். அதை வைத்து ஐ.டி.வி.யை உயர்த்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். விண்டேஜ் காருக்கு, தேய்மானம் கழிக்காமல் முன்பே ஒப்புக்கொண்ட மதிப்பைத் தரும் பாலிசிக்கு இடம் உண்டு. உங்கள் கார் அதில் சேருமா என்று விசாரியுங்கள். பேரணியில் கலந்துகொள்பவர் அதற்கான கூடுதல் சேர்ப்பைக் கேட்டு வாங்க வேண்டும். பந்தயமும் வேகச் சோதனையும் சாதாரணப் பாலிசியில் வராது.

காரை நிறுத்தியே வைக்கிறவர் காப்பீடே வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. ஷெட்டில் நிற்கும் காலத்துக்குத் தீயும் திருட்டும் மட்டும் அடங்கிய பாலிசி உண்டு. வெள்ளம் அதில் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிச்சாங் புயலிலும் சென்னையில் அடித்தளங்களில் மூழ்கிய கார்களை நாம் பார்த்தோம். "பத்திரமாக" என்று பேஸ்மென்ட்டில் விட்டவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். மூழ்கிய காரை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும்; நீங்கள் சாவி திருப்பியதால் வந்த சேதம் என்று நிறுவனம் மறுக்கவும் வழி கிடைக்கும். படம் எடுத்து, தகவல் சொல்லி, கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பு சொல்லலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம்.

பட்டறையிலோ வாடகைக் கொட்டகையிலோ காரை விடுகிறவருக்கு 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமே துணை. பொருளை ஒப்படைத்து வாங்கியவர், சாதாரண விவேகமுள்ள மனிதர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வது போல அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. உங்கள் அனுமதி இல்லாமல் ஊர் சுற்ற எடுத்துப் போய் இடித்தால், 154-ஆம் பிரிவுப்படி நஷ்டத்துக்கு அவரே பொறுப்பு. அதே சட்டத்தின் 170-ஆம் பிரிவு, வேலை செய்த மெக்கானிக்குக் கூலி வரும்வரை காரைப் பிடித்து வைக்கும் உரிமையும் தருகிறது. அதனால் எஸ்டிமேட், மீட்டர் எண், கழற்றிய பாகங்களின் பட்டியல் எல்லாம் கையெழுத்தோடு இருக்கட்டும். வாய்ப்பேச்சில் விட்ட கார்கள் வருடக்கணக்கில் பிரித்தபடியே கிடப்பதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

வீட்டுப் பெரியவர் பெயரிலேயே ஆர்.சி. இருந்தால், அவர் இருக்கும்போதே அதில் நாமினியைப் பதியுங்கள். 2021 முதல் அந்த வசதி இருக்கிறது. அவர் காலமான பின் என்றால், 30 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரும் பெயர் மாறியதை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆர்.சி.யில் பெயர் இருக்கும்வரை விபத்து இழப்பீட்டுக்கு அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மந்தைவெளிக்காரர் பிரேக், கிளட்ச், குழாய்கள், டயர்கள் எல்லாம் மாற்றினார். எட்டு வருடம் ஓட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அது அதிகம் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். மரச்சட்டத்தில் கரையான் இல்லை, அவர் அதிர்ஷ்டம். 80,000 கட்டிப் பதிவையும் புதுப்பித்துவிட்டார். இப்போது ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, வண்டலூர் வரை போய், ஏழரைக்குள் திரும்புகிறார். பேத்தி பக்கத்து இருக்கையில். திரும்பி வந்ததும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவளுடைய வேலை.