கேரவன் வண்டியின் நீர்சூடேற்றியை மாற்றுதல்

படுக்கை, சமையலறை, குளியலறை ஆகியவை உள்ள சுற்றுலா வண்டிகள் அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் ஆர்.வி. எனப்படுகின்றன. நம்மவர்க்குக் கேரவன் என்றால் எளிதில் புரியும். இவ்வண்டிகளுக்கு வெந்நீர் தருவது பக்கச் சுவரில் பதிக்கப்பட்ட சிறிய நீர்சூடேற்றி (வாட்டர் ஹீட்டர்) ஆகும். இதன் கொள்ளளவு பெரும்பாலும் 6 கேலன் (சுமார் 23 லிட்டர்) அல்லது 10 கேலன் (சுமார் 38 லிட்டர்). இது புரோப்பேன் எரிவாயுவில் இயங்கும். தீப்பொறிக்கும் எரிவாயு வால்வுக்கும் 12 வோல்ட் மின்சாரம் தேவை. பல வகைகளில் 120 வோல்ட் மின்சூட்டுக் கம்பியும் (எலிமென்ட்) உண்டு.

பழுதடையும் காரணங்கள்

சபர்பன் வகைத் தொட்டி, உட்புறம் பீங்கான் பூச்சுள்ள எஃகால் ஆனது. அதனுள் மக்னீசியம் அல்லது அலுமினியத் தண்டு ஒன்று இருக்கும். இவ்வுலோகங்கள் எஃகைவிட எளிதில் அரிபடுபவை. எனவே தண்டு தான் கரைந்து தொட்டியைக் காக்கிறது. வேதியியல் பாடத்தில் வரும் கேத்தோடு பாதுகாப்பு இதுவே. முக்கால் பங்கு கரைந்ததும் தண்டை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தொட்டி துருப்பிடித்து ஓட்டையாகும். அட்வுட் வகைத் தொட்டி அலுமினியத்தால் ஆனது. அதற்குத் தண்டு தேவையில்லை. குளிர்காலத்தில் தொட்டியில் விட்ட நீர் உறைந்து விரிந்தால் எவ்வகைத் தொட்டியும் வெடிக்கலாம்.

பாதுகாப்பு வால்வில் நீர் சொட்டுவதால் மட்டும் தொட்டி கெட்டுவிட்டது எனக் கொள்ளக் கூடாது. தொட்டியின் மேற்பகுதியில் இருக்க வேண்டிய காற்று குறைந்தாலும் அவ்வாறு சொட்டும். தொட்டியின் உடலிலேயே கசிவு இருந்தால்தான் மாற்றுவது தவிர்க்க முடியாதது.

கழற்றும் முறை

1. எரிவாயு உருளை, இருவகை மின் இணைப்புகள், நீரேற்றி, வெளி நீர்க்குழாய் அனைத்தையும் நிறுத்தவும்.
2. நீர் ஆறிய பின் வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை நீக்கி, தொட்டியை வடிக்கவும். சூடாக இருக்கும்போது அடைப்பானைக் கழற்றினால் கொதிநீர் பீறிடும்.
3. கம்பிகளுக்கு அடையாளமிட்டு, நீர், எரிவாயு இணைப்புகளைப் பிரிக்கவும்.
4. வெளிச் சட்டத்தின் திருகாணிகளை நீக்கி, சூடேற்றியை வெளிப்புறமாக இழுக்கவும்.

புதியதைப் பொருத்துதல்

வாங்கும் முன் சுவர்த் திறப்பின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அளக்க வேண்டும். கொள்ளளவு ஒன்றாயினும் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும். திறப்பின் அடிமரம் உளுத்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். நீர் நிறைந்த 10 கேலன் தொட்டியில் நீர் மட்டுமே சுமார் 38 கிலோ எடை இருக்கும்.

சட்டத்தின் பின்புறம் பியூட்டைல் ஒட்டுநாடா வைத்துத் திருகவும். இது மழைநீரை மட்டுமன்றி, நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் நுழைவதையும் தடுக்கிறது.

சோதனை

முதலில் தொட்டியை நிரப்பவும். வெந்நீர்க் குழாயில் காற்றின்றி நீர் சீராக வந்த பின்னரே சூடேற்ற வேண்டும். வெற்றுத் தொட்டியில் மின்சாரம் பாய்ந்தால் எலிமென்ட் சில நொடிகளில் கருகிவிடும். எரிவாயு இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா எனப் பார்க்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது உயிருக்கு ஆபத்து. குமிழி இல்லையெனில் அடுப்பை ஏற்றலாம். சுடர் நீல நிறமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் காற்று போதவில்லை என்று பொருள். எரிவாயு வேலையில் பழக்கமில்லாதவர்கள் அப்பகுதியை மட்டுமாவது பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதே முறை.