இதய ஆபரேஷனுக்குப் பின் காய்ச்சல்: மலைப்பனி என்று இருந்துவிடலாமா?

மூணாறிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வட்டவடை, காரட்டும் கோசும் பூண்டும் விளையும் மலையூர். தமிழ் பேசுவோர் நிறைந்த பகுதி. இங்குள்ளவர்கள் இதய ஆபரேஷனுக்கு கோட்டயம், திருவனந்தபுரம், மதுரை என்று மலையிறங்கித்தான் ஆக வேண்டும்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்து வீடு திரும்பிய மூன்றாம் வாரம் காய்ச்சலும் நெஞ்சு வலியும் வந்தால், "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்று கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள் உண்டு. அது ஆபத்தில் முடியலாம்.

உறையில் அழற்சி

இதயத்தைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அதைத் திறந்துதான் ஆபரேஷன் செய்கிறார்கள். இப்படித் திறந்ததால் சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே அளவு மீறி வேலை செய்யத் தொடங்குகிறது. கிருமி எதுவும் இல்லாமலே உறையில் அழற்சி உண்டாகிறது. பெரும்பாலும் ஒரு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் இது தலைகாட்டும். மூச்சை இழுத்தாலும் மல்லாந்து படுத்தாலும் வலி கூடும். முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால் குறையும்.

1953ல் அமெரிக்க டாக்டர்கள் இதைக் கண்டபோது, வால்வைக் கெடுத்த பழைய வாதக் காய்ச்சலே திரும்பிவிட்டது என்று எண்ணினர். வாதக் காய்ச்சலே வராத, பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆபரேஷனுக்குப் பின் இது வந்த பிறகுதான், உறையைத் திறந்ததே காரணம் என்பது தெளிவாயிற்று.

உறைக்குள் நீர் மிகுதியாகக் கோத்தால் இதயம் விரிய இடமின்றி நெருக்கப்படும். மூச்சுத் திணறலும் மயக்கமும் வரும். உடனே நீரை வெளியேற்றாவிட்டால் உயிருக்கே ஆபத்து. எக்கோ பரிசோதனையில் இந்த நீரைக் கண்டுவிடலாம்.

செங்காந்தள் தரும் மருந்து

ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளுடன் கோல்சிசின் என்ற மருந்தும் இதற்குப் பயன்படுகிறது. 2010ல் இத்தாலியில் 360 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு வெளியாயிற்று. கோல்சிசின் பெறாதவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கு இந்த அழற்சி வந்தது. பெற்றவர்களில் 9 பேருக்கு மட்டுமே வந்தது.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்தும் இந்த மருந்து எடுக்கப்படுகிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு என்று பயிராவது இச்செடியே. ஆனால் கிழங்கையோ விதையையோ வீட்டு வைத்தியமாகத் தின்றால் கொடிய விஷம்.

வால்வு மாற்றியவர்களுக்கு

1990ல் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிலையத்தில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு போன்ற செயற்கை வால்வு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்பரின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். இவர்கள் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினால் ரத்தக் கசிவு ஏற்படலாம். கோசும் கீரையும் ஒருநாள் மிகுதி, மறுநாள் இல்லை என்றில்லாமல் ஒரே அளவாக இருக்க வேண்டும். பூண்டை மருந்தாக நிறையத் தின்பதும் கூடாது.

எல்லாக் காய்ச்சலும் அழற்சியல்ல. தையல் சிவந்து சீழ் கசிந்தாலும், நெஞ்செலும்பு அசைவதுபோல் இருந்தாலும், குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலும் கிருமித் தொற்றாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

எது எப்படியிருந்தாலும் தேதி முக்கியம். டிஸ்சார்ஜ் சீட்டையும் மாத்திரைப் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். "இத்தனை நாளுக்கு முன் இதய ஆபரேஷன் ஆயிற்று" என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். மூச்சு முட்டினால், விடிந்ததும் போகலாம் என்று காத்திராமல் அப்போதே வண்டி பிடியுங்கள்.