கெட்டுப்போன கணினிக் கோப்பை மீட்பது எப்போது தீர்மானமாகிறது?

புதுச்சேரிக்காரர்கள் 'மேரி' என்று சொல்லும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் ஊறி இடிந்து விழுந்தது. பிரெஞ்சு ஆட்சியில் 1870-ஐ ஒட்டி எழுந்த கட்டடம் அது. இன்று கடற்கரைச் சாலையில் நிற்பது, அதே இடத்தில் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறக்கப்பட்டது. தூண் எது, வளைவு எது, சாளரம் எவ்வளவு உயரம் என்ற விவரமெல்லாம் இடிபாட்டுக்கு வெளியே படமாகவும் அளவாகவும் இல்லாமல் போயிருந்தால் இது நடந்திருக்காது. லெகோ கட்டைகளைக் கணினித் திரையில் அடுக்கி வீடும் வீதியும் வடிவமைப்பவர்களுக்கும் இதே சிக்கல் வேறு அளவில் வருகிறது. பல வாரம் உழைத்த கோப்பு ஒரு நாள் திறக்க மறுக்கிறது. உடனே எல்லோரும் கேட்பது, இதைச் சரிசெய்ய எந்த மென்பொருள் இருக்கிறது என்றுதான். கோப்பு கெட்ட பிறகு வரும் மென்பொருளால் ஆவது கொஞ்சம்தான். அது மீளுமா, எவ்வளவு மீளும் என்பதெல்லாம் சேமித்த நாளிலேயே, எந்த வடிவத்தில் எத்தனை இடத்தில் சேமித்தோம் என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

ஆஸ்திரேலியரான ஜேம்ஸ் ஜெசிமன் 1995-இல் உருவாக்கிய எல்டிரா முறையை முதலில் பார்க்கலாம். அதில் வடிவமைப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் ஒரு கட்டைக்கு ஒரு வரி. '1 4 0 0 0 1 0 0 0 1 0 0 0 1' என்று எண்கள் ஓடி, கடைசியில் 3001 என்ற துண்டு எண்ணில் முடியும். தொடக்கத்து 1, இந்த வரி ஒரு துண்டைக் குறிக்கிறது என்பதற்கு. 4 என்றால் சிவப்பு. அடுத்த மூன்று எண்கள் கட்டை இருக்குமிடம், அதற்கடுத்த ஒன்பதும் அது திரும்பியிருக்கும் கோணம். 3001 என்பது எட்டுக் குமிழ் கொண்ட, எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கட்டை. அளவைக்கு 0.4 மில்லிமீட்டரை ஓர் அலகாக வைத்திருக்கிறார்கள். ஒரு குமிழ்க் கட்டையின் அகலம் 20 அலகு, உயரம் 24. (மேலே போகப் போக உயரத்தின் எண் கழித்தல் குறியோடு வருவது புதியவர்களைத் திண்டாட வைக்கும்.) இப்படிப்பட்ட கோப்பின் நடுவே பத்து வரி நாசமானால் பத்துக் கட்டைகள் போகும், அவ்வளவுதான். மிச்சச் சுவர் அப்படியே நிற்கும். போன பத்தையும் பக்கத்துக் கட்டைகளின் எண்களை வைத்துக் கணக்கிட்டு எழுதிச் சேர்த்துவிடலாம்.

லெகோ நிறுவனமே 2004-இல் வெளியிட்ட டிஜிட்டல் டிசைனர் என்ற மென்பொருள் வேறு வழியில் போனது. அதன் எல்எக்ஸ்எஃப் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம்; உள்ளே எக்ஸ்எம்எல் எழுத்துக் கோப்பு ஒன்றும் முகப்புப் படம் ஒன்றும் இருக்கும். இன்று பலரும் பயன்படுத்தும் பிரிக்லிங்க் ஸ்டுடியோவின் ஐஓ கோப்பும் ஜிப்தான். அதற்குள் இருப்பது எல்டிரா வகை எழுத்துக் கோப்பு. பல பதிப்புகளில் அதைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியும் வைத்திருந்தார்கள். ஜிப்பில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற அட்டவணை கோப்பின் கடைசியில் இருக்கிறது. அதனால் வால் அறுந்த கோப்பைக் கணினி 'இது செல்லாது' என்று மொத்தமாகத் தள்ளிவிடும். ஆனால் ஒவ்வொரு உள்கோப்பின் தலையிலும் தனி அடையாளம் ஒன்று இருக்கிறது. ஜிப்பை உருவாக்கிய ஃபில் கட்ஸின் முதலெழுத்துகளான பி, கே என்ற இரண்டும் அதில் தெரியும். பழுது பார்க்கும் கருவிகள் அட்டவணையை விட்டுவிட்டு இந்தத் தலைகளைத் தேடிப் பிடிக்கின்றன. கெட்டது என்னவென்றால், சுருக்கப்பட்ட தரவின் நடுவே ஓரிடம் பழுதானால் அந்த இடத்துக்குப் பிறகு வருவதை நம்பிப் பிரிக்க முடியாது. ஜிப் வைத்திருக்கும் சரிபார்ப்பு எண் பிழை இருக்கிறது என்று மட்டும் சொல்லும், திருத்தித் தராது. எக்ஸ்எம்எல் பாதியில் நின்றால், அரைகுறையாக நிற்கும் கடைசிக் கட்டையை நீக்கி, மூடாத குறிகளைக் கையால் மூடினால் அதுவரை கட்டியது கிடைத்துவிடும். இதையெல்லாம் மூலக் கோப்பில் செய்யாமல் அதன் நகலில்தான் செய்ய வேண்டும்.

எதுவும் கிடைக்காத நேரமும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நகரில் மின்சாரமும் நிறுத்தப்பட்டது. சேமிக்கும் நொடியில் கரெண்ட் போனால் விண்டோஸ் கணினியில் விபரீதமாக ஒன்று நடக்கலாம். கோப்பின் பெயர், அளவு, தேதி எல்லாம் சரியாக இருக்கும். திறந்து பார்த்தால் உள்ளே தொடக்கம் முதல் முடிவு வரை பூஜ்ஜியமே. விண்டோஸ் வட்டின் கணக்குப் புத்தகத்தைப் பத்திரமாக எழுதிக்கொள்கிறது, உள்ளடக்கத்துக்கு அந்தக் காப்பு கிடையாது. இப்படிப்பட்ட கோப்பில் மீட்க ஒன்றுமே இல்லை. கடையில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் இல்லை. அந்த நேரத்தில் கைகொடுப்பது மென்பொருள் தானாகச் சேமித்து வைத்த முந்தைய பதிப்போ, வேறிடத்தில் வைத்த பிரதியோ மட்டும்தான்.

கோப்பு முழுசாக இருந்தும் சாகும் விதம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பழுது என்று சொல்வதில்லை. டிஜிட்டல் டிசைனர் 2022 தொடக்கத்தில் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது. 2019-இல் தான் வாங்கிய பிரிக்லிங்கின் ஸ்டுடியோவுக்கு மாறச் சொன்னது லெகோ. பழைய எல்எக்ஸ்எஃப் கோப்பில் கட்டையின் எண்ணும் இடமும் இருக்குமே தவிர, கட்டையின் வடிவம் இருக்காது; அது மென்பொருளோடு வந்த தரவுத் தொகுப்பில் இருந்தது. ஸ்டுடியோ அந்தக் கோப்புகளைத் திறக்கிறது என்றால், உள்ளே இருப்பது படிக்கத்தக்க எக்ஸ்எம்எல்லாக இருந்ததும், எந்த எண் எந்தக் கட்டை என்ற பட்டியலை ஆர்வலர்கள் பொறுமையாகத் தொகுத்ததும்தான் காரணம். ஜெசிமன் 1997-இலேயே இளம் வயதில் இறந்துபோனார். அவருடைய முறை அவரோடு போகவில்லை. வடிவம் திறந்திருந்ததால் மற்றவர்கள் எடுத்து நடத்தினார்கள், இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருளைவிட ஒரு தனி மனிதரின் எழுத்துக் கோப்பு நீண்ட நாள் நிலைத்திருக்கிறது.

சிதைந்த பிரதியிலிருந்து மூலத்தை மீட்கும் வேலையைப் புதுச்சேரி நெடுங்காலமாகச் செய்துவருகிறது. 1955-இல் தொடங்கிய, செயின்ட் லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் சைவ ஆகமச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அங்கே என்.ஆர். பட் போன்ற அறிஞர்கள் ரௌரவ ஆகமத்தையும் பிறவற்றையும் பதிப்பித்தபோது ஒரே சுவடியை நம்பி உட்காரவில்லை. பல பிரதிகளை அருகருகே வைத்து, ஒன்றில் பூச்சி அரித்த இடத்தை இன்னொன்றிலிருந்து நிரப்பினார்கள். ஒரே வடிவமைப்பின் இரு பழைய பேக்கப்புகள் வெவ்வேறு இடத்தில் கெட்டிருந்தாலும் இதே வேலையைச் செய்யலாம். எழுத்துக் கோப்பாக இருந்தால் வரிக்கு வரி ஒப்பிட்டு முழுதையும் தேற்றிவிடலாம். சுவடிகளைத் தாளில் படியெடுத்தவர்கள் எழுத்து அழிந்த இடத்தில் ஊகித்து எழுதாமல் புள்ளிகள் இட்டுச் சென்றார்கள். இந்த ஒழுங்கு பல மீட்பு மென்பொருள்களுக்கு இல்லை. காணாமல் போனதைச் சொல்லாமலே கோப்பைத் திறந்து காட்டும். கூரை பாதி இல்லை என்பது அச்சடித்த கட்டுமானக் குறிப்பைப் பார்க்கும்போதுதான் தெரியும்.

இப்போதெல்லாம் எல்லாமே கிளவுடில் இருக்கிறதே, எதற்கு இந்தக் கவலை என்று கேட்பார்கள். கிளவுட் நம் கணினியில் இருப்பதைத்தான் நகலெடுக்கிறது. பூஜ்ஜியம் நிரம்பிய கோப்பையும் அதே சிரத்தையோடு நல்லதன் மேல் ஏற்றிவிடும். கூகுள் டிரைவ் இப்படிப்பட்ட கோப்புகளின் பழைய பதிப்புகளை வழக்கமாக 30 நாள், இல்லையென்றால் 100 பதிப்பு வரைதான் வைத்திருக்கும். அதற்குள் கவனித்தால் தப்பித்தோம். விளையாட்டுப் பொருளுக்கு இவ்வளவா என்பது இன்னொரு கேள்வி. வீட்டு வரைபடம் போடும் ஆட்டோகேட் சேமிக்கும்போதெல்லாம் முந்தைய பிரதியைத் தனியாக விட்டுவைக்கிறது, ஸ்கெட்ச்அப்பும் அப்படியே. தொழில்காரர்களுக்குத் தேவைப்படும் பாதுகாப்பு பத்து வயதுப் பிள்ளையின் கட்டைக் கோட்டைக்கு வேண்டாம் என்று எதை வைத்துச் சொல்வது?

நிறுவனங்களின் வாதம் இவற்றைவிடக் கனமானது. கட்டைகளின் வடிவத் தொகுப்பு அவர்கள் உழைப்பு, அதைப் பூட்டி வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் எந்தக் கட்டையை எங்கே வைத்தேன் என்பது வைத்தவருடையது. அதைப் பூட்டுவதில் வியாபார லாபம் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. எழுத்தாக வைத்தால் கோப்பு பெரிதாகும் என்பதும் சப்பைக் காரணம். ஆயிரம் கட்டை என்றால் ஆயிரம் வரி; நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும், வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிது. ஸ்டுடியோவிலேயே எல்டிரா வடிவத்தில் ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. வடிவமைப்பு முடியும் ஒவ்வொரு கட்டத்திலும் அதில் ஒரு பிரதி எடுத்து, தேதியைப் பெயராகப் போட்டு, வேறு வட்டில் வைத்துக்கொள்ளலாம். கட்டுமானக் குறிப்புப் பக்கங்களின் அமைப்பு அந்தப் பிரதியில் வராது. அதைத் தனியாகப் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ள வேண்டியதுதான்.