பதினைந்து நிமிடம் பழைய விலை

"சார், பழைய விலைகளை வைத்துச் சோதித்தபோது லாபம் காட்டிய நிரல், சொந்தப் பணத்தைப் போட்டதும் நட்டம் காட்டுகிறதே, ஏன்?"

கிள்ளானில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவர், பிரிக்பீல்ட்ஸில் தேநீர் குடித்தபடி இப்படிக் கேட்டார். பங்குகளை எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று முடிவு செய்யும் கணினி நிரலை அவரே எழுதியிருந்தார். கணக்கில் பிழையில்லை. "விலையை எங்கிருந்து எடுக்கிறாய்?" என்றேன். "இலவச இணையத்தளத்திலிருந்து" என்றார். பிழை அங்கேதான் இருந்தது.

புர்சா மலேசியா இணையத்தளத்தில் பொதுமக்கள் இலவசமாகப் பார்க்கும் விலை, குறைந்தது 15 நிமிடம் பழையது. பல ஆண்டுகளுக்கு முதலீடு செய்பவருக்கு அது போதும். நிமிடத்துக்கு நிமிடம் முடிவெடுக்கும் நிரலுக்குப் போதாது. விலை 1.17 ரிங்கிட் என்று நம்பி நிரல் வாங்கச் சொல்லும். அதற்குள் சந்தையில் அது 1.20 ஆகியிருக்கும். 1,000 பங்குக்கு 30 ரிங்கிட் கூடுதலாகப் போகும். சோதனையில் இது தெரியாது. அந்த நொடியின் விலையிலேயே வாங்கியதாக அங்கே நிரல் கணக்குப் போடுகிறது.

தகவலும் ஒரு சரக்கு

உடனடி விலை வேண்டுமானால் தரகர் வழியாகவோ, சந்தையின் உரிமம் பெற்ற தரவு நிறுவனத்திடமிருந்தோ பெற வேண்டும். பங்குச் சந்தைகளுக்குத் தரவு விற்பனையும் ஒரு வருமானம். உலகின் பெரிய சந்தைகள் பல, சொந்தப் பணத்தில் வாங்கி விற்கும் தனிநபருக்கு ஒரு கட்டணமும், தொழில்முறை நிறுவனத்துக்கு அதைவிட அதிகக் கட்டணமும் வைத்துள்ளன. மனிதர் திரையில் பார்க்காமல் கணினியே படித்து முடிவெடுக்கும் பயன்பாட்டுக்குத் தனி உரிமம் கேட்பதும் உண்டு. வாங்கிய தரவை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் அது மறுவிநியோகம். அதற்கு வேறு அனுமதி வேண்டும்.

இங்கே ஒரு எளிய கணக்கு. தரவுக் கட்டணம் மாதம் 50 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 600 ரிங்கிட். முதல் 5,000 ரிங்கிட் என்றால், கட்டணத்தை ஈடுகட்டவே நிரல் 12 விழுக்காடு சம்பாதிக்க வேண்டும். முதல் 100,000 ரிங்கிட் என்றால் 0.6 விழுக்காடு போதும். தரகுக் கூலி இதற்கு மேல்.

சிகாகோ போய்வரும் செம்பனை விலை

பணம் கொடுத்தாலும் தாமதம் முற்றிலும் நீங்காது. செம்பனை எண்ணெய் முன்பேர வர்த்தகத்தைப் பாருங்கள். 2010 முதல் புர்சாவின் இந்த வர்த்தகம் அமெரிக்காவின் சி.எம்.இ. குழுமத்தின் குளோபெக்ஸ் மின்னணு மேடையில் நடக்கிறது. அதன் கணினிகள் சிகாகோ அருகே அரோரா நகரில் உள்ளன. கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் செல்லும். ஆகவே போய்வர 0.15 நொடியாவது ஆகும். வீட்டில் எவ்வளவு வேகமான கணினி வைத்தாலும் இதைக் குறைக்க முடியாது.

2025 நவம்பர் 28ஆம் தேதி அரோரா தரவு மையத்தில் குளிரூட்டும் அமைப்பு பழுதானபோது, இங்கே செம்பனை எண்ணெய் முன்பேர வர்த்தகமும் நின்றது.

விதிகள் ஏன்?

மனிதர் ஒரு தவறு செய்யும் நேரத்தில் நிரல் ஆயிரம் தவறுகள் செய்துவிடும். 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி, அமெரிக்காவின் நைட் கேபிடல் நிறுவனம் மென்பொருள் கோளாறால் சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது.

தனிநபர் நிரல்களுக்கு இந்தியா தெளிவான வரம்பு வகுத்துள்ளது. அங்குள்ள செபி 2025 பிப்ரவரியில் வெளியிட்ட சுற்றறிக்கையின் அடிப்படையில், நொடிக்கு 10 ஆணைகள் என்ற எல்லையைத் தாண்டும் நிரலைத் தரகர் வழியாகச் சந்தையில் பதிவு செய்ய வேண்டும். ஆணைகள் நிலையான இணைய முகவரியிலிருந்தே வர வேண்டும். சொந்தமாக எழுதிய நிரலைத் தன் குடும்பத்தார் கணக்கில் மட்டுமே பயன்படுத்தலாம்.

மலேசியாவில் தனிநபரின் ஆணை தரகர் வழியாகத்தான் புர்சாவுக்குப் போகும். வாங்கும் எண்ணமில்லாமல் ஆணைகளைக் குவித்துப் போலித் தேவையைக் காட்டினால், 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை, சேவைகள் சட்டம் பாயும். "கணினி செய்தது" என்று தப்ப முடியாது.

நிரல் எழுதும் இளைஞர்கள் முதலில் தரகரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். தானியங்கி ஆணைகளுக்கு அனுமதி உண்டா? வரும் விலை உடனடியானதா, தாமதமானதா? கணினி அதைப் படிக்கத் தனிக் கட்டணம் உண்டா? நிரலுக்குள் இரண்டு பூட்டுகளும் வையுங்கள்: விலையின் நேரக்குறி பழையதானால் ஆணை போகக்கூடாது, ஒரு நாள் நட்டம் குறித்த அளவைத் தொட்டால் நிரல் தானே நிற்க வேண்டும்.

என் மாணவர் முதல் பூட்டை எழுதி மறுநாளே ஓட்டிப் பார்த்தார். அன்று முழுவதும் நிரல் ஒரு பங்கைக்கூட வாங்கவில்லை. அது சரியாகத்தான் வேலை செய்தது.