ஒரு மலர்த் தேன்: தேர்வும் பயனும் பாதுகாப்பும்

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் தேன் நெடுங்காலமாக உணவுப் பொருள் என்பதைவிட மருந்துப் பொருளாகவே மதிக்கப்பட்டு வந்துள்ளது. சித்த மருந்துகளைக் குழைக்கவும், இருமலுக்கு இஞ்சிச் சாற்றுடன் கலக்கவும் சிறு புட்டி ஒன்று இருந்தால் போதும் என்ற நிலை இன்று மாறியுள்ளது. ‘நாவல் தேன்’, ‘கார்வித் தேன்’ எனப் பூவின் பெயர் தாங்கிய, பதப்படுத்தாத தேன் மும்பைக் கடைகளில் கூடுதல் விலைக்கு விற்கப்படுகிறது. இவ்விலைக்கு உரிய பொருளைப் பெறுவதற்கும், பெற்றதைக் கெடாமல் காப்பதற்கும் சில அடிப்படை உண்மைகளை அறிதல் அவசியமாகும்.

பெயரின் பொருள்

ஓரிடத்தில் ஒரு பூ மிகுந்து மலரும்போது தேனீக்கள் பெரும்பாலும் அதையே நாடுகின்றன. எனினும் முற்றிலும் ஒரே பூவிலிருந்து கிடைத்த தேன் என்பது அரிது. ஆகவே மகரந்தத்தை நுண்ணோக்கியில் எண்ணியே தேனின் மூலத்தை உறுதி செய்கின்றனர். மொத்த மகரந்தத்தில் குறிப்பிட்ட தாவரத்தின் பங்கு 45 சதவீதத்திற்குக் குறையாமல் இருப்பதே இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஒரு மலர்த் தேனுக்கு உரிய அளவுகோலாகும்.

பெயர் சில வேளைகளில் மயக்கமும் தரும். கன்னியாகுமரி மாவட்டத்தின் ‘ரப்பர் தேன்’ பெரும்பாலும் ரப்பர் மரத்தின் பூவிலிருந்து வருவதன்று. இளந்தளிர்களின் இலைக்காம்பில் உள்ள சுரப்பிகள் கசியும் இனிப்பு நீரே அதன் மூலம்.

மேற்கு மலைத்தொடரின் கொடை

மும்பைக்கு அணித்தான புகழ்பெற்ற தேன் நிலம் சத்தாரா மாவட்டத்து மகாபலேசுவரம் ஆகும். இங்கு இந்தியத் தேனீயைப் பெட்டிகளில் வளர்த்து நாவல் தேன் முதலியவற்றை எடுக்கின்றனர். இவ்வட்டத்திலுள்ள மாங்கர் என்னும் சிற்றூர் 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘தேன் கிராமம்’ என அறிவிக்கப்பட்டது.

கார்வி நம் குறிஞ்சியின் உறவுச் செடியாகும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது போல, கார்வி 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து மடிகிறது. மும்பையின் போரிவிலி தேசியப் பூங்காவில் இது 2016இலும் 2024இலும் பூத்தது. ஆண்டுதோறும் தடையின்றிக் கிடைக்கும் ‘கார்வித் தேனை’ வாங்குவோர் இக்கணக்கை நினைவிற் கொள்வது நல்லது. பொதுவாகத் தேனில் சுக்ரோஸ் 5 சதவீதத்தை மிஞ்சக் கூடாது. கார்வித் தேனுக்கு 10 சதவீதம் வரை விதிகள் இடமளிக்கின்றன. மண்ணின் இயல்பை விதியும் மதித்ததற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

தேர்ந்தெடுக்கும் முறை

தேனீக்கள் மெழுகால் மூடிய அறைகளிலிருந்து எடுத்ததே முதிர்ந்த தேன். அவசரப்பட்டு எடுத்த தேனில் நீர் மிகும். நீரின் அளவு 20 சதவீதத்திற்கு மேற்படக் கூடாது என்பது விதி. மிகையாகச் சூடாக்கிய அல்லது நாட்பட்ட தேனில் ஹைட்ராக்சி மெத்தில் பர்ஃபியூரால் என்னும் பொருள் பெருகுகிறது. இதன் உச்ச வரம்பு கிலோவுக்கு 80 மில்லிகிராம்.

தண்ணீரில் சொட்டு விடுதல், தீக்குச்சியைத் தோய்த்து எரித்தல் போன்ற வீட்டுச் சோதனைகளை நம்புவதற்கில்லை. கெட்டியான சர்க்கரைப் பாகும் அவற்றில் தேறிவிடும். அரிசியிலிருந்து செய்யும் பாகு சில ஆய்வுக்கூடச் சோதனைகளைக்கூட ஏமாற்ற வல்லது. தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் 13 வணிகப் பெயர்களின் தேனைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. 3 மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின என அது கூறியது. நிறுவனங்கள் சில இதனை மறுத்தன. ஆகவே எடுத்த இடமும் பருவமும் கூறக்கூடிய கூட்டுறவுச் சங்கத்திடமோ வளர்ப்போரிடமோ வாங்குவதும், உரிம எண், தொகுதி எண், நாள் ஆகியவற்றைச் சரிபார்ப்பதுமே தக்க வழியாகும்.

மழைக்காலக் காப்பு

தேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் காற்று ஈரம் செறிந்தது. மூடி தளர்ந்த புட்டியில் மேற்பரப்புத் தேன் நீர்த்து, ஈஸ்ட் நுண்ணுயிர்கள் பெருகிப் புளிக்கத் தொடங்கும். நுரையும் புளித்த வாடையும் இதன் அறிகுறிகள். சிறு கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பி இறுக மூடி, அடுப்பிற்கும் வெயிலுக்கும் விலக்கி வைத்தல் வேண்டும். ஈரக் கரண்டி கூடாது. நாட்பட உலோகப் பாத்திரத்தில் வைத்தலும் கூடாது.

தேன் உறைந்து மணல் போலாவது கலப்படத்தின் அடையாளமன்று. குளுக்கோஸ் மிகுந்த தேன் விரைவில் உறையும். குளிர்பதனப் பெட்டி அதனை விரைவுபடுத்தக் கூடும். புட்டியை 40 பாகை செல்சியசு அளவான வெந்நீரில் வைத்தால் மீண்டும் இளகும். அடுப்பில் நேரே சூடாக்குதல் மணத்தைக் கெடுக்கும்.

யாருக்கு ஆகாது?

பிறந்த குழந்தையின் நாவில் ‘சேனை’ தொட்டு வைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. தேனில் பொட்டுலிசம் நோய் விளைக்கும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக் கூடும். பெரியவர்களின் குடல் அவற்றைத் தாங்கும். ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். கொதிக்க வைத்தாலும் வித்துகள் அழிவதில்லை. எனவே எவ்வளவு தூய தேனாயினும் ஓராண்டுக்கு முன் ஒரு துளியும் தருதல் ஆகாது.

நாவல் தேன் நீரிழிவு நோயாளருக்கு நல்லது என்ற நம்பிக்கையும் பரவியுள்ளது. நாவற்கொட்டை வேறு, நாவற்பூவின் தேன் வேறு. எத்தேனும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரையே. மருத்துவர் வகுத்த அளவை மீறுதல் தீங்காகும்.

ஒரு மலர்த் தேனின் மதிப்பு அது விளைந்த காட்டைப் பொறுத்தது. நாவலும் கார்வியும் நிலைத்தால்தான் தேனீ நிலைக்கும். தேனீ நிலைத்தால் மலைக் குடிகளின் வருவாயும், அயற்பயிர்களின் மகரந்தச் சேர்க்கையும் நிலைக்கும். அறிந்து வாங்கும் நகர மக்கள் இம்முயற்சிக்குத் துணை நிற்பவராவர்.