உங்களுக்குத் தெரியுமா? இரண்டே பக்கம், பல ஆண்டு மௌனம்

இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களை ராமேஸ்வரத்துக்கு முன்னதாக மண்டபம் முகாமில் தடுத்து வைத்துப் பரிசோதித்தார்கள். காலராவும் அம்மையும் கடல் தாண்டிவிடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். 1884-லேயே காலராக் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவில் பிரித்தெடுத்திருந்தார். ஆனால் அது உடம்பின் நீரையெல்லாம் எப்படி வெளியேற்றுகிறது என்பது நிரூபணமாக 75 ஆண்டுகள் ஆயின.

நிரூபித்தவர் கல்கத்தா மருத்துவர் சம்புநாத் தே. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனையிலும் நூலால் கட்டினார். காலராக் கிருமிகள் வளர்ந்த திரவத்திலிருந்து அவற்றை வடிகட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய திரவத்தை அதற்குள் ஊசியால் செலுத்தினார். கிருமியே இல்லை, ஆனாலும் அந்தக் குடல் நீர் கோத்துப் புடைத்தது. ஆளைச் சாய்ப்பது கிருமி சுரக்கும் நஞ்சுதான்! 1959-இல் ‘நேச்சர்’ இதழில் இரண்டே பக்கங்களில் இதை எழுதினார்.

வேதனை என்னவென்றால், பல ஆண்டுகள் அந்தத் தாளைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1978-இல்தான் அவருக்கு ஸ்டாக்ஹோம் நோபல் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், தேயின் பெயரை அதே பரிசுக்கு ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்தார், பரிசு கிடைக்கவில்லை. ஆய்வுத்தாள்களின் மேற்கோள் கணக்குக்கு வழிவகுத்த யூஜின் கார்ஃபீல்டு, தேயின் தாக்கத்தை அளந்து 1986-இல் தனிக் கட்டுரையே எழுதினார். தே அதற்கு முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார்.